பச்சைக்கு மாற்றச் சொன்ன வீடு

வீட்டுக்குள் போனதும் படுத்திருக்கிறவரைப் பார்க்காதே, நிற்கிறவரைப் பார் என்று எனக்கு முதன்முதலில் சொன்னது வயலட் சிஸ்டர்தான். படுக்கையில் கிடக்கிறவர்களைப் பார்க்கப் போகிற எங்கள் சங்கத்தில் நான் சேர்ந்த வருஷம், சாம்பல் புதனன்று. ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் வெள்ளைச் சேலையை விடாதவர்கள். சாமியார் நெற்றியில் பூசிய சாம்பல் வியர்வையில் இறங்கி மூக்குத்தண்டு வரைக்கும் வந்திருந்தது, துடைக்கக்கூடாது என்று துடைக்கவில்லை, அந்த முகத்தோடுதான் சொன்னார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், சொன்னது மட்டும் என்னோடு கிடக்கிறது. இப்போது எதற்கு அதை நினைக்கிறேன் என்றால், ரயில்வே கேட்டு அடைத்துவிட்டார்கள் மாதாவே. வண்டி நின்றால் என் மனசு நிற்காது. கொம்பையா அண்ணன் ஆட்டோவை அணைத்துவிட்டு, “யம்மா, இந்தக் கேட்டு அடச்சுத் தொறக்கதுக்குள்ள ஒரு பிள்ளப்பேறே முடிஞ்சிரும்” என்கிறார். கண்ணாடிக்கு மேலே ஒட்டின படத்தில் நீர் நீலச் சால்வையோடு நிற்கிறீர், உமக்கு ஒரு பக்கம் முருகன், மறு பக்கம் நாகூர் தர்கா. நெரிசலாகத்தான் இருக்கும். ஆனாலும் கேட்பீர். கேட்டைத் தாண்டினதும் ரோடு இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் செல்வநாயகம் அய்யா வீடு. வலது பக்கம் எஸ்கலின் வீடு. எனக்கு இடது பக்கம் போகச் சொல்லியிருக்கிறார்கள். வலது பக்கத்து வீட்டுக்கு ஒரு போன் போட்டு, இனிமேல் வாராவாரம் வரமாட்டோம், மாதத்துக்கு ஒருதடவைதான் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. போன் கைப்பைக்குள் இருக்கிறது. காலையிலிருந்து கைப்பை மடியில் கல் மாதிரி கனக்கிறது.

எனக்கு இந்த வேலை பிடிக்கும். நர்சுப் படிப்பெல்லாம் நான் படிக்கவில்லை, எட்டாம் வகுப்போடு சரி. படுக்கையில் கிடக்கிறவர்கள் வீட்டுக்குப் போய் உடம்பு துடைப்பேன், முதுகைப் புரட்டிப் புண் வைத்திருக்கிறதா என்று பார்ப்பேன், மாத்திரை உள்ளே போயிருக்கிறதா தலையணைக்குக் கீழே போயிருக்கிறதா என்று பார்ப்பேன், கேட்டால் ஜெபம் சொல்லுவேன். என் பிள்ளைகள் இரண்டும் வளர்ந்து ஆளுக்கொரு ஊராய்ப் போன பிறகு கிடைத்த வேலை. கைக்கு வேலை இருந்தால்தான் ஜெபமாலையும் கையில் நிற்கும், இல்லாவிட்டால் தூக்கம்தான் வரும். சங்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம். சிவப்பு என்றால் வாராவாரம் போகவேண்டும், மஞ்சள் என்றால் ஒருவாரம் விட்டு ஒருவாரம், பச்சை என்றால் மாதத்துக்கு ஒருதடவை. நிறம் புள்ளியால் வருகிறது. புண் இருந்தால் புள்ளி ஏறும், கீழே விழுந்தால் ஏறும், மூத்திரக் குழாய் போட்டிருந்தால் ஏறும், தனிக்கட்டையாகக் கிடந்தால் மளமளவென்று ஏறும். பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருந்தால் இறங்கும். எஸ்கலின் புருஷன் லியோன் போட் எஞ்சின் பார்க்கிற மெக்கானிக்காக இருந்தவர், மலை மாதிரி ஆள், பக்கவாதம் வந்து வலது பாதி அப்படியே போய்விட்டது. பேச்சும் இல்லை. ஆனால் இத்தனை காலத்தில் அவர் முதுகில் ஒரு சிவந்த இடம் கிடையாது. பெற்று எடுத்த மறுநாள் குழந்தைக்கு இருக்கிற மாதிரி அப்படி ஒரு முதுகு. புண் இல்லை, அதனால் புள்ளி இல்லை. விழவில்லை, அதனால் புள்ளி இல்லை. ஆள் உண்டு, புள்ளி குறைகிறது. அவள் ராத்திரி பகல் பாராமல் புரட்டிப் புரட்டிப் போட்டதற்குச் சம்பளம், பச்சை. அந்தப் பக்கம் ஒரு வீட்டில் மருமகள் மாமனாரைத் தொடவே மாட்டாள், முதுகெல்லாம் புண், அது சிவப்பு. அவருக்குச் சிவப்பு வேண்டாம் என்று நான் சொல்லுவேனா, சொல்லமாட்டேன், அவர் புண்ணை நான்தான் துடைக்கிறேன். ஆனால் நல்லபடியாகப் பார்த்தால் தண்டனை என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது, சொல்லும்.

இதில் எங்கள் ஊர்ச்சனம் பண்ணுகிற கூத்து ஒன்று இருக்கிறது, மாதாவே, உமக்குச் சிரிப்பு வரும். நாங்கள் போகிறதுக்கு முந்தி போன் போட்டுச் சொல்லிவிடுவோம், அது சங்கத்து வழக்கம், திடீரென்று போய் நிற்கக்கூடாது. சொன்னால் போச்சு. சாமியார் வீடு மந்திரிக்க வருகிற மாதிரி ஆயத்தம் நடக்கும். தரை கழுவுவார்கள், கட்டிலில் பெட்டிக்குள் வைத்த விரிப்பு வரும், படுத்திருக்கிறவருக்குச் சவரம், பவுடர், வெள்ளைச் சட்டை, நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல், ஸ்டூலில் கலர் சோடா. புள்ளி போட, சங்கத்துப் பொறுப்பாளர் மார்ட்டின் சார் போன மாசம் என்னோடு வந்தபோது எஸ்கலின் வீடு அப்படித்தான் இருந்தது. லியோனுக்கு நெற்றியில் படிய வாரி, கழுத்தில் உம்முடைய சுரூபப் பதக்கம். அவள் புதுச்சேலையில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மார்ட்டின் சார் நல்ல பையன், குனிந்து அவளிடமே கேட்டார், “உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?” அவள், “சேசுவுக்குத் தோத்திரம், ஒரு குறையுமில்ல சார்” என்றாள். வேறு என்ன சொல்லுவாள். வீட்டுக்கு வந்த மனுஷர் முன்னால் வலிக்கிறது என்று சொன்னால் கொடுத்த கடவுளைக் குறை சொன்ன மாதிரி. அப்படித்தான் எங்களை வளர்த்தார்கள். கோயில் வாசலில் எப்படியிருக்கீங்க என்றால் தோத்திரம், கல்யாண வீட்டில் கேட்டால் தோத்திரம், சாவு விழுந்த துஷ்டி வீட்டில் கேட்டாலும் தோத்திரம். சார் கலரைக் குடித்துவிட்டு வெளியே வந்து, “இப்படில்லாம்மா வச்சிருக்கணும் வீட்ட” என்றார். அவர் மனசில் பச்சை விழுந்தது அப்போதுதான். நான் என்ன பார்த்தேன் என்றால், அவள் கலரை இடது கையால் ஊற்றினாள். எங்கள் ஊரில் வந்தவர்களுக்கு யாரும் இடது கையால் ஊற்றமாட்டார்கள். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். ஜன்னல் கம்பியில் பழைய வலைக்கயிறு முறுக்கிக் கட்டியிருந்தது, அதைப் பிடித்துக்கொண்டுதான் அவரை எழுப்பி உட்காரவைப்பாளாம். மார்ட்டின் சார் அதைத் துணி காயப்போடுகிற கயிறு என்று நினைத்திருப்பார்.

நான் செருப்பு மாட்டுகிறபோது அவள் வாசலில் என் காதுக்குக் கிட்டே வந்தாள். “யக்கா, இவருக்கு முன்னாடி நான் போயிறக்கூடாதுன்னு மட்டும் வேண்டிக்கிடுங்க.” சரி எஸ்கலின் என்றேன். சரி என்றுதான் எல்லாரும் சொல்லுவோம். அன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் அவளை உமக்கு முன்னால் வைத்தேன், மறுநாளும் வைத்தேன், மூன்றாம் நாள் ஜெபமாலைக்கு நடுவில் அந்த வார்த்தை தொண்டையில் மீன்முள் போலக் குத்தி நின்றுவிட்டது. இவருக்கு முன்னாடி நான் போயிறக்கூடாது. போகப்போகிறோம் என்று தெரியாதவள் அப்படிச் சொல்லுவாளா. சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். மார்ட்டின் சார் பேனாவை வைத்துவிட்டு, கேலியாக இல்லை, பொறுமையாகத்தான் சொன்னார், “ஜெபக் குறிப்புக்குப் புள்ளி கிடையாதும்மா.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து பானை கழுவும்போது ஏன் சிரித்தேன் என்று வந்தது. ஜெபக் குறிப்புக்குப் புள்ளி கிடையாது. இவருக்கு முன்னாடி நான். ஜெபக் குறிப்புக்குப் புள்ளி. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது, ஜெபமாலை சொல்லும்போதுகூட. அருள் நிறைந்த மரியே சொல்லுகிற வாய் புள்ளி கிடையாதும்மா என்று சொல்லிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

போன் அடிக்கிறது, மார்ட்டின் சார்தான். “மிக்கேலம்மா, எங்க இருக்கிய?” கேட்டில் நிற்கிறேன் சார் என்றேன். “செல்வநாயகம் அய்யா வீட்ல காலையிலயிருந்து போன் மேல போன். சீக்கிரம் போங்க.” “நேத்துதான நர்சம்மா போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போட்டாவ சார்.” “போட்டாச்சு. அவருக்கு நகம் வெட்டணுமாம். நீங்க வெட்டுனாத்தான் ஒத்துக்கிடுவாராம்.” “நகந்தான சார், சாயங்காலம் வெட்டுதேன்.” “அவர் மகன் பேப்பர்ல போடுவேங்காரும்மா.” “நகத்தையா சார்?” அந்தப் பக்கம் சிரிப்பை விழுங்கினார், எனக்குக் கேட்டது. கொம்பையா அண்ணனும் முதுகு குலுங்க உட்கார்ந்திருக்கிறார், ஒட்டுக்கேட்கிற மனுஷன். பிறகு சார் குரலை நேராக்கிக்கொண்டு, “எஸ்கலின் வீட்டுக்குச் சொல்லியாச்சா?” என்றார். இல்லை என்றேன். “சொல்லிருங்கம்மா. பின்னால எத்தன பேரு காத்துக் கிடக்காங்க. ஒரு வீட்ட எறக்குனாத்தான் ஒரு வீட்ட ஏத்த முடியும். எனக்கு மட்டும் ஆசையா?” அது உண்மைதான், அவருக்கு ஆசையில்லை. கூட்டம் முடிந்து போகும்போது அவர் கண்ணும் குழி விழுந்துதான் இருக்கும். ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. “சார், அந்த வீட்ல நோயாளி ரெண்டு பேரு.” “ரெண்டாவது யாரு?” “எஸ்கலின்.” “அவங்க சொன்னாங்களா?” “நான் பாத்தேன் சார்.” “நீங்க பாத்தது வேற. சம்பந்தப்பட்டவங்க அவங்க வாயால சொன்னாத்தான் ஒருத்தரப் புதுசாச் சேக்க முடியும், அது உங்களுக்கே தெரியும். நானே கேட்டேன்லா? ஒரு குறையுமில்லன்னாங்க.” “அப்பம் அவ வாயால சொன்னாச் சேப்பியளா?” “சொன்னாச் சேப்பேன். அந்த நிமிசமே நர்ச அனுப்புதேன். ஆனா இன்னைக்கு வேண்டாம், இன்னைக்கு நீங்க நேரா—” கூட்ஸ் வருது சார், ஒண்ணும் கேக்கல என்று சொல்லி அமத்திவிட்டேன். கூட்ஸ் வரவில்லை. தண்டவாளம் வெயிலில் பளபளவென்று சும்மா கிடக்கிறது, ஒரு ஆடு நடுவில் நின்று என்னைப் பார்க்கிறது. பொய்தான். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். மனஸ்தாபம் மட்டும் கேட்காதீர், செய்த பாவத்துக்கு வருத்தம், அது இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லவே இல்லை.

இப்போது கூட்ஸ் நிஜமாகவே வருகிறது. முதலில் தரை அதிர்ந்தது, பிறகு ஊதல், பிறகு ஒவ்வொரு பெட்டியாக, உப்பு மூட்டையோ என்னவோ, வாசல் அடைத்த பெட்டிகள், உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாத பெட்டிகள், தடக் தடக், ஒரு குறையுமில்ல ஒரு குறையுமில்ல என்று போகிறது. என் மாமியார் படுத்த காலத்தில் எங்கள் வீட்டுக்கும் சனம் வந்தது. மாமியா எப்படி இருக்காவ, மாமியா சாப்பிடுதாவளா, மாமியாவுக்குத் தூக்கம் உண்டா. நல்லா இருக்காவ, தோத்திரம். அவர்கள் போன பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஈரத்தரையில் கன்னத்தை வைத்துப் படுப்பேன். அழுகைக்கு இல்லை, தரை குளிர்ச்சியாக இருக்கும், அதுக்குத்தான். உள்ளேயிருந்து மாமியார் டம்ளரைக் கட்டில் காலில் தட்டுகிற சத்தம் வரும், அது வரைக்கும். ஒருநாள் பால் ஊற்றுகிற சங்கரவடிவு செம்பைத் தூக்கிப் பிடித்தவள் ஊற்றாமல் என் முகத்தைப் பார்த்து, “நீ சாப்ட்டியாட்டீ?” என்றாள். எனக்கு எங்கேயிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. சாப்பிடாமலா நிக்கேன், உன் சோலியப் பாரு என்று கதவை அறைந்தேன். பாலும் வாங்கவில்லை. கதவுக்குப் பின்னாலேயே நின்றேன். ஒரு வார்த்தை. இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் அவள் காலடியில் உடைந்து விழுந்திருப்பேன். மறுநாள் அவள் வழக்கம்போலப் பால் ஊற்றினாள், அளவுக்கு மேல் ஒரு கொசுறும் ஊற்றினாள், ஆனால் கேட்கவில்லை. ஒருதடவை கேட்டால் போதாது, மாதாவே. மார்ட்டின் சாருக்கு அது தெரியாது. படித்த புத்தகத்தில் ஒருதடவை கேள் என்று போட்டிருக்கும். முதல் தடவை கேட்டால் கோபம் வரும், இரண்டாம் தடவை கேட்டால் தோத்திரம் வரும், அதுக்குப் பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தால்தான் ஏதாவது வரும்.

பெட்டிகள் முடிகிறபாடில்லை. என் மகள் பெனிட்டா கோயம்புத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூப்பிடுவாள். எப்படிம்மா இருக்கிய. எனக்கென்ன, நல்லா இருக்கேன், ஒரு குறையுமில்ல. இடது பாதம் கொஞ்ச நாளாக மரத்துப்போய், செருப்பு கழன்றால்கூடத் தெரியாமல் நடக்கிறேன், அதைச் சொன்னேனா. சொன்னால் உடனே வந்துருங்க என்பாள், அவள் வீட்டு ஹாலில் ஒரு மூலையில் கட்டில் போடுவாள், பாவம் பிள்ளை, அவளும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்போது என்னைப் போல ஒருத்தி ஆட்டோவில் வந்து இறங்குவாள். வந்தவள் என் முதுகைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சுத்தமா இருக்கு, ஆள் உண்டு என்று சொல்லிவிட்டுக் கலரைக் குடித்துவிட்டுப் போவாளா. என் பிள்ளை இடது கையால் ஊற்றுவாளா. பயம்தான். சாவு பற்றி இல்லை, சாவுக்கு நீர் இருக்கிறீர், எங்கள் மரண வேளையில் வேண்டிக்கொள்ளும் என்று தினமும் சொல்லியாகிறது. அதுக்கு முந்தின வேளைக்கு யார் வேண்டிக்கொள்ளுவது. நிற்கிறவர்கள் வேளைக்கு. அதுக்கு ஒரு வரி ஜெபத்தில் இல்லை. நீரே மகனின் சிலுவையடியில் நின்றவர்தானே. படுத்தவர் இல்லை, நின்றவர். எல்லாரும் மேலே பார்த்தார்கள். உமக்குக் கால் வலித்ததா என்று யாராவது கேட்டார்களா. எனக்கு இத்தனை வயசுக்கு இன்றைக்குத்தான் அது தோன்றுகிறது, இந்தக் கேட்டில், இந்த வெக்கையில். நீரும் தோத்திரம் என்றுதான் சொல்லியிருப்பீர்.

கடைசிப் பெட்டி போய்விட்டது. சத்தம் நின்றதும் காது ஓட்டை விழுந்த மாதிரி இருக்கிறது. கேட்டு ஆடி ஆடி மேலே ஏறுகிறது, எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஆரன் அடிக்கிறது. கொம்பையா அண்ணன் வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டு, தலையைத் திருப்பாமல், “எந்தப் பக்கம்மா, நகமா கயிறா?” என்றார். கயிறைப் பற்றி நான் வாய்விட்டா பேசினேன்? பேசியிருப்பேன். தனியாக இருக்கிறவளுக்கு எது மனசுக்குள், எது வெளியே என்று தெரிகிறதில்லை. செல்வநாயகம் அய்யா கத்துவார். கத்தட்டும். கத்துகிறவருக்குப் பயம், நான் அறிவேன், கால் விரல் கறுத்துப்போகுமோ என்று பயம், யாராவது வந்து அந்தக் காலைத் தொட்டால் அவருக்கு அன்றைக்குத் தூக்கம் வரும். சாயங்காலம் போய்த் தொடுவேன், வெட்டுவேன், வசவை வாங்கிக்கொள்வேன், வாயால் கூப்பிடத் தெரிந்தவருக்கு எப்படியும் ஆள் வரும். கூப்பிடத் தெரியாதவள் வீட்டுக்கு இப்போது போகிறேன். மார்ட்டின் சார் என்னை நிறுத்தினால் நிறுத்தட்டும். என்னைச் சங்கத்திலிருந்து எடுத்தால் இந்தக் கால் சும்மா இருக்குமா, சங்கத்துச் சேலை இல்லாமல் என் சேலையில் போவேன். “வலது பக்கம் அண்ணே.” “போன் போட்டுச் சொல்லியாச்சா அந்த வீட்டுக்கு?” “சொல்லல.” “சொல்லாமப் போனா வீடு போட்டது போட்டபடில்லா கெடக்கும்?” “கெடக்கட்டும். அதப் பாக்கத்தான் போறேன்.” அவர் ஒரு தடவை கண்ணாடியில் என்னைப் பார்த்தார், பிறகு உம்மைப் பார்த்தார், வண்டி வலது பக்கம் திரும்பிவிட்டது.

சந்துக்குள் ஆட்டோ போகாது. இறங்கி நடக்கிறேன். செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன், இருக்கிறது. வாசல் கழுவவில்லை. நேற்றையக் கருவாட்டுத் தலை ஒன்றைப் பூனை இழுத்துப் போட்டிருக்கிறது. ஜன்னல் கம்பியில் அந்தக் கயிறு விறைத்து நிற்கிறது, இழுபடுகிறது, கம்பி கிறீச் என்கிறது. உள்ளே கட்டில் தரையில் உரசுகிற சத்தம், அவர் தொண்டையிலிருந்து வருகிற சத்தம், அதுக்கு மேல் அவள் குரல், சேசுவே, சேசுவே, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு சேசுவே, பிறகு ஏதோ தொப்பென்று விழுந்தது, பிறகு சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, கோபமே இல்லாமல், “ஒண்ணுமில்லய்யா, ஒண்ணுமில்ல, நாந்தான் விழுந்தேன்” என்று அவள் அவருக்குச் சொல்லுகிறாள். கை கதவுக்குக் கிட்டே வந்துவிட்டது. தட்டினால் அவள் எழுந்திருப்பாள், முந்தானையை உதறிச் சரிபண்ணுவாள், முகத்தைத் துடைப்பாள், கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் சிரிப்பாள், வாயில் அது வந்து நிற்கும். நான் கேட்கிறேன், ஒருதடவை இல்லை, அவள் என்னைத் திட்டினாலும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்கிறேன். அது என் பாடு. உம்மிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை தாயே, அவரை எழுப்பி நடக்கவிடச் சொல்லவில்லை. கதவைத் திறக்கும்போது அவள் வாயில் இன்றைக்கு ஒருநாள் மட்டும் அந்தத் தோத்திரம் வராமல் பார்த்துக்கொள்ளும்.